இடது காதின் சாட்சி

எங்கள் கடையில் 'பிளானர்' என்ற உயர்ரக இயர்போன் இரண்டு மாடல் இருந்தன. கறுப்பு ஆறாயிரம், வெள்ளை ஒன்பதாயிரம். "கறுப்பே போதும்" என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டேன்.

யூடியூபில் இயர்போன் விமர்சனம் செய்பவன், வெள்ளையை வீடியோவில் புகழ்ந்திருந்த பிரணவ், கடைக்கே வந்து குதித்தான்.

"யோவ், ஒயர் ஒட்டுற உனக்கு எதுக்குய்யா காது? என் கண்ணைக் கட்டு. காதுல இருக்கிறது கறுப்பா வெள்ளையான்னு சரியாச் சொல்லிட்டா, பாய், இந்தாளை வேலையை விட்டு அனுப்பிடணும்."

முதலாளி ஜாபர் பாய் தலையாட்டினார். எனக்கு அங்கே இருபது வருஷ வேலை.

கண்ணைக் கட்டினேன். நானே காதில் செருகிப் பாட்டை ஓடவிட்டேன்.

"வெள்ளை!" என்றான் உடனே. "ரெண்டு காதுலயும் ஒரே துல்லியம். கறுப்புல இது வருமா?"

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது சார்."

"மாற மாட்டேன்!"

கட்டை அவிழ்த்துக் கண்ணாடியைக் காட்டினேன். இரண்டு இயர்போனிலும் ஒயர் தனியாகக் கழன்று வரும், முனையும் ஒன்றுதான்; ஒரே ஒயரில் ஒரு பக்கம் இதையும் மறுபக்கம் அதையும் மாட்டலாம். தினமும் நான் கழற்றி மாட்டுவது. அவன் வலது காதில் வெள்ளை இருந்தது, இடது காதில் கறுப்பு.

"கறுப்புல வருமான்னு என்னைக் கேட்காதீங்க சார்" என்றேன். "உங்க இடது காதைக் கேளுங்க."