கல் மண்டபத்தில் ஒரு கங்குச் சட்டி

"சாமி, எனக்குத் தீட்சை வேண்டாமுங்க."

ராக்கியப்பன் இதைச் சொன்னபோது மண்டபத்தில் அவரும் குருவும் மட்டும்தான் இருந்தார்கள். மற்றவர்கள் தியானம் முடிந்து போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

மார்கழிக் காலை. மலை உச்சி மடம். தூணும் கல், தரையும் கல். விளக்கைத் தவிர வேறு நெருப்பு உள்ளே வரக்கூடாது. உட்கார ஒரு சாக்குகூடப் போடக்கூடாது. மடத்துச் சட்டம் அப்படி.

குரு கண்ணைத் திறக்கவில்லை.

"நாளைக்குத் தீட்சை. இன்னைக்கு வந்து வேண்டாங்கறே. ஏனப்பா?"

"அதுக்கு நான் லாயக்கில்லீங்க."

"விடியறதுக்கு முன்னாடி உக்கார்றே. எல்லாரும் எந்திரிச்சுப் போன பொறகும் அசையறதில்ல. இந்த மடத்துல வேற ஆருக்கு அது வாய்ச்சிருக்கு?"

மடம் முழுக்க இதே பேச்சுதான். சமையல்கட்டு நாச்சிமுத்து ராக்கியப்பனைக் கண்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். பெரியவர் உட்கார்ந்தால் கல்லோடு கல்லாகிவிடுகிறாராம்.

கல்லாகத்தான் ஆகிவிடுகிறார். யார் இல்லை என்றது?

"சாமி, அது தியானமில்லீங்க. முட்டி."

"என்னது?"

"குளிருக்கு முட்டி ரெண்டும் பூட்டிக்குதுங்க. எலும்புக்குள்ள யாரோ ஊசி ஏத்தறாப்புல இருக்குது. எந்திரிக்க முடியறதில்ல. எல்லாரும் போகட்டும்னுதான் கண்ணை மூடிட்டு இருக்கேன். வெயில் தூணுக்கு வந்த பொறகு, அந்தப் பக்கமாத் தவந்து போயிருவேனுங்க. நாலு காலுல. நாயாட்டம்."

சொல்லிவிட்டு அழுதார். அறுபத்தெட்டு வயது மனுஷன் அழுதால் பார்க்க நன்றாகவா இருக்கும்? ஆனாலும் அழுதார்.

அழுகை வலிக்காக இல்லை. முட்டி பூட்டிக்கொண்டவனுக்கு இந்த மலையில் இடம் கிடையாது. அவனைக் கீழ் மடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே சோறு உண்டு, மின்விசிறி உண்டு, மலை கிடையாது. ராக்கியப்பன் தன் மனைவியின் அஸ்தியைக் கரைத்தது இந்த மலைச் சுனையில்தான். தினமும் அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு வருவார். முட்டி அதற்கப்புறம்தான் பூட்டிக்கொள்ளும். தெரிந்தேதான் குளித்தார்.

"இத்தனை நாளா சொல்லலியே," என்றார் குரு.

"சொன்னா அனுப்பிப் போடுவீங்க. பொய் சொல்லிக் காவி வாங்கறதுக்கு இப்பவே எறங்கிப் போயிரலாம்னு தோணுச்சுங்க. சாமி எந்திரிங்க. நீங்க போன பொறகு நானும் மெதுவாப் போயிர்றேன்."

குரு எழவில்லை.

"சாமி?"

"நீ போயேன் மொதல்ல."

"மத்த நாள்ல நீங்க தியானத்துல இருப்பீங்க. இப்ப முழிச்சிருக்கறப்ப நான் எப்படிங்க..."

"தெனமும் அப்படித்தானே போறே. இன்னைக்கு மட்டும் என்ன?"

குரு கண்ணைத் திறந்தார். கண் சிவந்திருந்தது. தூக்கமில்லாத கண்.

"நீ தவந்து போற சத்தம் எனக்குக் கேக்கும், ராக்கியப்பா. காலை நீட்டாம, வேட்டியை இழுத்துட்டுப் போவே. எந்த நிலையில இருந்து இவன் எறங்கி வர்றானோ, நடக்கக்கூட நெனப்பில்லாமப் போறான்னு நெனச்சுக்குவேன். எனக்கு வராதது உனக்கு வந்திருச்சுன்னு பொறாமையா இருக்கும்."

"அய்யோ, சாமி!"

"நீ போன சத்தம் அடங்கின பொறகுதான் நான் தவழ ஆரம்பிப்பேன்."

குருவின் பக்கத்தில் போனாலே கற்பூர மணம் வீசும். தெய்வ வாசம் என்று எல்லாரும் சொல்வார்கள். ராக்கியப்பனும்தான் சொல்லியிருக்கிறார்.

"அப்ப அந்த வாசம்?"

"தைலம்."

வெளியே பனி இன்னும் விலகவில்லை. ரெண்டு பேரும் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்க நெருப்பு கூடாதுங்கற சட்டத்தை ஆரு போட்டாங்கன்னு தெரியுமா?" என்றார் குரு.

"பெரியவங்க ஆராச்சும் இருக்கும்."

"நாந்தான். அப்ப எனக்கு நாப்பது வயசு. மலையை ஓடியே ஏறுவேன். செங்கோடன்னு ஒருத்தன், என்கூடச் சேந்து இங்க வந்தவன். அவனுக்குத்தான் மொதல்ல முட்டி புடிச்சது. ஒரு கங்குச் சட்டி வெச்சுக்கலாமான்னு கேட்டான். ஒடம்பை ஜெயிக்காதவனுக்கு மலை எதுக்குன்னு கேட்டு எறக்கிவிட்டேன். திரும்பித் திரும்பிப் பாத்துட்டே எறங்கினான்."

"அப்புறமுங்க?"

"அவனைப் பத்தி நான் கேக்கவே இல்ல."

குரு ரெண்டு கையையும் தரையில் ஊன்றி, மெல்லத் திரும்பினார். முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"நீயும் திரும்பு. முதுகோட முதுகு ஒட்டி உக்காரு."

"சாமி மேல படக்கூடாதுங்களே."

"பட்டாத்தான் எந்திரிக்க முடியும். உக்காரு."

முதுகோடு முதுகு ஒட்டியது. குருவின் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்ததை ராக்கியப்பன் அப்போதுதான் உணர்ந்தார். ரெண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, காலை ஊன்றி, முனகிக்கொண்டே எழுந்தார்கள். நடுவில் ஒருமுறை சரிந்தார்கள். மறுபடி எழுந்தார்கள்.

நின்றதும் ராக்கியப்பன் பழக்கதோஷத்தில் காலில் விழப் போனார்.

குரு தோளைப் பிடித்துக்கொண்டார். "விழுந்து தொலைச்சிராதே. ஆரு தூக்கறது?"

பிறகு தூணைப் பிடித்தபடி வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நாச்சிமுத்து! அடுப்புக் கங்கை ஒரு சட்டியில அள்ளிக் கொண்டா. மண்டபத்துக்குத்தான்."

ராக்கியப்பனிடம் திரும்பினார்.

"கீழ் மடத்துக்கு ஆள் அனுப்பு. முட்டி வலின்னு நான் எறக்கிவிட்டவங்களை டோலி கட்டி மேல தூக்கிட்டு வரச் சொல்லு."

"எல்லாரையுமுங்களா, சாமி?"

குரு கீழே இறங்கும் பாதையைப் பார்த்தார்.

"உசுரோட இருக்கறவங்களை."