மூட்டைமேல் உட்கார்ந்த எலும்புக்கூடு

மெக்சிகோவில் ஒரு சிற்றூர். மழை பொய்த்துப் போன வருஷம் அது. அந்த ஊர் அச்சகத்தில் படம் செதுக்கிக்கொண்டிருந்தவள் எவுசேபியா. இறந்தோர் நாள் திருவிழாவில் பெரிய மனிதர்களை எலும்புக்கூடாகப் போட்டுக் கேலி செய்வது அங்கே வழக்கம். அந்தத் திருவிழாவுக்கு அவள் அச்சுக்கட்டையில் ஒரு படம் செதுக்கினாள். பட்டுத் தொப்பி வைத்த எலும்புக்கூடு ஒன்று, மக்காச்சோள மூட்டைகள்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அச்சடித்த படங்கள் எல்லாம் ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தன.

ஊர்த் தலைவர் பல்தசார் அவளை இழுத்துவரச் சொன்னார். பஞ்சத்தை விசாரிக்கத் தலைநகரிலிருந்து வந்திருந்த அதிகாரியும் அப்போது அவர் பக்கத்தில் இருந்தார்.

“என்னையா எலும்புக்கூடாகப் போட்டாய்? ஜெயிலில் தள்ளிவிடுவேன்!” என்றார் பல்தசார்.

“இதில் பேரும் இல்லை, முகமும் இல்லையே ஐயா. நீங்கள்தான் என்று எப்படித் தெரிந்தது?”

“இந்த ஊரில் வேறு யாரிடம் இத்தனை சோளம் இருக்கிறது?” என்று கத்தினார் அவர்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஊரில் ஒரு மணி சோளம்கூட இல்லை என்றுதானே எங்களுக்கு எழுதினீர்கள்?”

அன்று மாலையே பல்தசாரின் கிடங்கைத் திறந்துவிட்டார்கள். அதிகாரி முதல் மூட்டையை எவுசேபியாவுக்குக் கொடுத்தார். அவள் கை நீட்டவில்லை.

“பின்னால் நிற்கிறவர்களுக்குக் கொடுங்கள் ஐயா. என் பிள்ளைகள் இரண்டும் போன மாதமே பசியில் செத்துப்போய்விட்டன” என்றாள்.