வர்க்கியைப் பராமரித்தவர்கள்

வர்க்கியின் கழுத்தில் கட்டிய காட்டுக்கொடியை ஒரு பக்கம் நரி இழுத்தது. மறுபக்கம் மந்தி இழுத்தது.

“காலையில்தானே கூட்டிப்போனாய்? விடு, இது என் முறை,” என்றது நரி.

“காலையில் போனது அதன் உடம்புக்கு. இப்போது போவது மனசுக்கு,” என்றது மந்தி.

நடுவில் நின்ற வர்க்கிக்கு மூச்சு முட்டியது. இரண்டும் கவனிக்கவில்லை. பராமரிப்பில் அவ்வளவு மும்முரம்.

வர்க்கி ஒரு நாய். மலைப்பாதை வளைவில் டீக்கடை வைத்திருந்த போஜன் வளர்த்தது. கொரோனா வந்து ஊரடங்கு போட்டதும், போஜன் தட்டு நிறையச் சோறு வைத்துவிட்டு, சீக்கிரம் வந்துவிடலாம் என்று கடையைச் சாத்திக்கொண்டு கீழே ஊருக்குப் போனான். பிறகு பாதையை அடைத்துவிட்டார்கள். வர்க்கி கடை வாசலைவிட்டு நகராமல் காத்திருந்தது.

மனிதர்கள் செய்தால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று நம்பும் புலிராஜா காட்டிலும் ஊரடங்கு போட்டது. குகையையும் மரத்தையும் விட்டு யாரும் வெளியே வரக் கூடாது. கபசுரக் குடிநீர் மட்டும் புதருக்குப் புதர் வரும். அதோடு நிறுத்தியிருக்கலாம். புலிக்கு இரக்க குணம் வேறு இருந்தது. ஆதரவற்ற அந்த நாயைக் கவனித்துக்கொள்கிறவர்கள் மட்டும் வெளியே வரலாம் என்று சேர்த்துச் சொன்னது.

அதுவரை வர்க்கியைக் கண்டால் முகம் சுளித்தவை எல்லாம் மதியத்துக்குள் நாய்ப் பிரியர்களாகிவிட்டன.

காற்று வாங்கட்டும் என்று நரி அதை நண்டு கிடக்கும் ஓடைக்குக் கூட்டிப்போனது. வெயில் படட்டும் என்று மந்தி பலா பழுத்த சரிவுக்குக் கூட்டிப்போனது. பசுமை கண்ணுக்கு நல்லது என்று காட்டெருமை புல்வெளிக்கு ஓட்டிப்போனது. போன இடத்தில் எல்லாம் கூட்டிப்போனவர் சாப்பிட்டார், வர்க்கி பார்த்துக்கொண்டிருந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. முன்னால் வந்தவர் ஏதாவது கொடுத்திருப்பார் என்று ஒவ்வொன்றும் மனதார நம்பியது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும், நடை போதவில்லை என்று முடிவுசெய்து இன்னும் நடக்கவைத்தன.

சட்டம் போட்டவருக்கு அது பொருந்தாது என்றாலும் புலியும் வர்க்கியைக் கூட்டிப்போகத் தனக்கென ஒரு முறை வாங்கிக்கொண்டது. புலியோடு உலாவிவிட்டு உயிரோடு திரும்பிய ஒரே நாய் வர்க்கிதான். கடிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

வர்க்கி எல்லாரிடமும் ஒன்றையே கேட்டது. தன்னைக் கடை வாசலில் விட்டுவிட்டால் போதும், போஜன் வந்தால் தேடுவான். வந்தால் சொல்லமாட்டோமா என்று எல்லாரும் தேற்றினார்கள்.

போஜன் ஒரு நாள் வந்தான். எப்படியோ பாஸ் வாங்கி, தெரிந்தவருடைய ஜீப்பில் ஏறி வந்து கடைமுன் நின்று விசிலடித்தான். அப்போது வர்க்கி கரடியோடு தேன்பாறையில் இருந்தது.

“அது போஜன்! விடுங்க அண்ணே.”

கரடியின் வாய் நிறையத் தேன். “இரு தம்பி. இந்த உடம்போடு ஓடலாமா? நான் இதை முடித்துவிட்டு மெதுவாகக் கூட்டிப்போகிறேன்.”

அவர்கள் வந்து சேர்ந்தபோது வளைவில் டீசல் புகை மட்டும் இருந்தது. கடைக்கு எதிர் மரத்தில் மந்தி உட்கார்ந்திருந்தது.

“கூப்பிட்டுப் பார்த்தான். சிறுத்தை அடித்திருக்கும் என்று அழுதுவிட்டுப் போனான்,” என்றது மந்தி.

“நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாமே?” என்றது வர்க்கி.

“சொல்லலாம் என்றுதான் இருந்தேன். கூட நாய் இல்லாமல் மரத்தைவிட்டு எப்படி இறங்குவது? சட்டம் இருக்கிறதே.”

மறுநாள் புலி ஊரடங்கை நீக்கியது. கொடியைப் பிடிக்க அன்று ஒருவரும் வரவில்லை. எல்லாரும் பாராட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டார்கள். கூட்டம் கடைக்கு முன்னால்தான் நடந்தது. வாயில்லா ஜீவனைக் காப்பாற்றிய காடு என்று புலி புகழ்ந்தது. கரடிக்குக் கண் கலங்கியது. இன்னொரு நோய் வந்தாலும் இதே சேவையைச் செய்வேன் என்றது நரி. நாய் முன்பைவிட ஒல்லியாக, அழகாக இருப்பதைக் காட்டெருமை எடுத்துச் சொன்னது.

தன் தேவைக்காக ஒருவரைப் பராமரிக்கிறவருக்கு, அந்த ஒருவருடைய தேவை காதில் விழுவதே இல்லை என்பது இதன் நீதி.

கைதட்டல் நடந்துகொண்டிருந்தபோது வர்க்கி எழுந்தது. சாலையோரச் சேற்றில் பதிந்திருந்த டயர் தடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, மலைப்பாதையில் கீழே நடக்கத் தொடங்கியது.