தணிகாசலத்தின் கிண்ணம்

தணிகாசலத்தின் தசைகளுக்கு ஓய்வே கிடையாது. கெண்டைக்காலும் தோளும் தோலுக்கு அடியில் ஓயாமல் நெளியும், தூக்கத்திலும் நிற்காது. நரம்பு சும்மா சும்மா தசையை ஏவிக்கொண்டிருக்கிறது, அபூர்வமான நோய் என்றார் டாக்டர். மடக்கிய விரலும் லேசில் விரியாது. கும்பிட்ட கை சட்டென்று பிரியாததால், அவர் தங்கியிருந்த மடத்தில் அவருக்குப் பெரிய பக்திமான் என்று பெயர். லாரி ஓட்டுவதை நோய் நிறுத்திவிட்டது. மிச்சமிருந்த ஒரே ஆசை, தியானக் கூடத்தில் ஓர் இடம்.

குரு நாச்சியார் அம்மா அவரைவிட இளையவர். தணிகாசலம் அவரிடமே கேட்டுவிட்டார்.

“அசையாம இருக்க முடியாதவனுக்கு இங்க இடம் உண்டாம்மா?”

“பௌர்ணமிக்கு எல்லாரோடயும் உக்காருங்க ஐயா. பார்ப்போம்.”

மடத்தில் ஒரு வழக்கம். பௌர்ணமி காலையில், விளிம்புவரை நீர் நிரப்பிய கிண்ணத்தை மடியில் ஏந்தி, மணி அடிக்கும்வரை தியானத்தில் இருக்க வேண்டும். சிந்தியவருக்குக் கூடத்தில் இடமில்லை.

தணிகாசலம் கண்ணை மூடுவதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. அவருக்கு அழுகை முட்டியது.

மணி அடித்தபோது மற்ற கிண்ணங்களில் ஒரு சொட்டும் குறையவில்லை. அவருடையதில் நாக்கை நனைக்கக்கூட நீர் இல்லை. மூத்த சீடர் கதிரேசன் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“மூட்டையக் கட்டுறேம்மா” என்று எழுந்தார் தணிகாசலம்.

“இருங்க. கதிரேசன், எப்படிச் சிந்தாம வச்சிருந்தீங்க?”

“கிண்ணத்த விட்டுக் கவனத்த எடுக்கலம்மா. மூச்சு விடவே பயம்.”

மற்றவர்களும் பெருமையாகத் தலையாட்டினார்கள்.

“நீங்க ஐயா?”

“எனக்குத்தான் மொதல்லயே கொட்டிப்போச்சே. இனிமே காப்பாத்த என்ன இருக்குன்னு விட்டுட்டேன். காலு அது பாட்டுக்குத் துள்ளிச்சு. நான் நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி உள்ள போயிட்டேன். அப்புறம் மணிச் சத்தந்தான் கேட்டுச்சு.” கொஞ்சம் தயங்கினார். “இன்னைக்குச் சீக்கிரமே அடிச்சிட்டீங்களோம்மா?”

கதிரேசனின் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை. இப்போது சிரித்தவர் நாச்சியார் அம்மா.

“மடத்துக் கிண்ணங்களுக்குக் காவல் பலமாத்தான் இருக்கு. தியானத்துக்குத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு. முன்வரிசைக்கு வாங்க ஐயா.”