மறுப்புக் கட்டத்தில் ஒரு டிக்

உலகநாதன் ஐம்பத்துமூன்று வயதில் சீடரானார். கல்லூரி ஸ்டோரை மூடிய பிறகு அவரைக் கணினி அறைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே அவருக்குக் குரு ஜெசிந்தா மேடம். முப்பத்தாறு வயது. அவர் இவரை சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார். ஸ்டோர்ல சாவி வச்சிருந்தவர் இப்ப சர்வர்ல சாவி தேடுறார் என்று அலுவலக உதவியாளர் செல்லையா தினமும் ஒரு முறை சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு நாள் காலை டீ குடிக்கும்போது உலகநாதன் கேட்டார்.

"எல்லாத்தையும் குடுத்தும் ஒருத்தர் வரலைன்னா என்ன செய்யறது மேடம்?"

உலகநாதனின் மகள் மங்கை வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம். போன் செய்தால் எடுப்பாள். சுகர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பாள். தீபாவளிக்குப் புடவை அனுப்பினால் கட்டிக்கொண்டு போட்டோ அனுப்புவாள். அவள் அறையில் புது மின்விசிறி மாட்டி வைத்திருந்தார். இறக்கைகளில் பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் ஆட்டோ நின்றால் எழுந்துபோய்ப் பார்ப்பார்.

இவ்வளவையும் மேடத்திடம் சொன்னார். தன் விருப்பப்படி மணம் முடித்து அவள் வந்து நின்ற அன்று, இனி இந்தப் படியேறாதே என்று தான் வாசலில் நின்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

மேடம் தமிழ்த்துறை பிரிண்டரைப் பார்க்கச் சொன்னார்.

அந்தத் துறைக்குப் புதிதாக வந்த கௌரவ விரிவுரையாளர் ஷமீமா எதை அச்சிட அனுப்பினாலும் அனுமதி இல்லை என்று திரும்பி வந்தது. இரண்டு முறை கணினி அறைக்கு வந்து கதவருகிலேயே நின்றுவிட்டுப் போயிருந்தார்.

கல்லூரியின் பிரிண்டர்கள் எல்லாம் ஒரே சர்வரின் கீழ் இருந்தன. யார் எதில் அச்சிடலாம் என்ற பட்டியலும் அதில்தான். உலகநாதன் ஷமீமாவின் பெயரைச் சேர்த்து, அனுமதிக் கட்டத்தில் டிக் போட்டார். போனில் கூப்பிட்டு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். வரவில்லை. துறை ஆசிரியர்கள் குழுவில் சேர்த்தார். அப்போதும் வரவில்லை. மதியத்துக்குள் துறைத்தலைவருக்கே இல்லாத உரிமைகளையெல்லாம் கொடுத்துவிட்டார். கடைசியாகக் கூப்பிட்டபோது ஷமீமா, பரவாயில்லை சார், நான் வெளியிலேயே ஜெராக்ஸ் கடையில எடுத்துக்கறேன் என்றார்.

மேடம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"என்னென்ன குடுத்தீங்க சார்?"

விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஐந்து.

"மறுத்தது?"

"நான் எதையும் மறுக்கலையே."

மேடம் பட்டியலின் மேல்பகுதிக்குப் போனார். அங்கே கௌரவ விரிவுரையாளர்கள் என்று ஒரு குழு. அதற்கு நேரே மறுப்புக் கட்டத்தில் ஒரு டிக்.

உலகநாதனுக்கு நினைவு வந்தது. அவரே கேட்டு வாங்கியது. சில வருடங்களுக்கு முன், இவர் ஸ்டோரில் இருந்தபோது, அந்தக் குழுவில் ஒருவர் தன் கல்யாணப் பத்திரிகை இருநூறை அந்த பிரிண்டரில் அடித்துக்கொண்டார். பிரிண்டருக்கான டோனர் மை ஸ்டோரிலிருந்து போவது. இனி அவர்களில் ஒருவரும் அதைத் தொடக்கூடாது என்று இவர் எழுதிக் கொடுத்தார், சுற்றறிக்கை போனது. பத்திரிகை அடித்தவர் அடுத்த வருடமே வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். டிக் போகவில்லை.

"அது ஏதோ கோபத்துல போட்டது மேடம். அதுக்கப்புறம் இவ்வளவு குடுத்திருக்கேனே."

"மறுப்பு இருந்தா சர்வர் அதைத்தான் முதல்ல பார்க்கும் சார். நீங்க குடுத்த அஞ்சையும் அது பார்த்தே இருக்காது."

"இன்னும் ஒண்ணு சேர்த்துப் பார்க்கவா?"

"சேர்க்க வேண்டாம். எடுங்க."

எடுத்தார். ஒரு சொடுக்குதான்.

தமிழ்த்துறை பிரிண்டர் நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓடினால் இங்கே சத்தம் கேட்கும். உலகநாதன் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். யாரோ பெஞ்சை இழுத்தார்கள். எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்றரை மணி ஆயிற்று.

"எடுத்துட்டேனே மேடம். ஏன் இன்னும் வரலை?"

"எடுத்தது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கூப்பிடவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"போன்ல சொன்னாப் போதுமா?"

"மறுத்ததை எப்படிச் சொன்னீங்க?"

"வாசல்ல நின்னு."

பிரிண்டர் மறுப்பு சுற்றறிக்கையில்தான் போயிருந்தது. மேடத்துக்கு அது தெரியும்.

"ஷமீமாகிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றார். "நீங்க வாசலுக்குப் போய்ச் சொல்லுங்க சார். உங்க பொண்ணு வாசலுக்கு."