மூன்று வாடைகள் குடியிருந்த தோணி

முன்னொரு காலத்தில், கடல் இப்போது இருப்பதைவிட நீலமாக இருந்தபோது, சங்குத்துறை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. ராஜாவும் இருந்தார். இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. விடுங்கள்.

வேலை ஒரு தோணிக்கு. பழைய தோணி. முப்பது வருஷம் உப்பில் ஊறியது. அதன் பின்பக்கம் ஒரு சின்ன அறை. ஒரு கதவு, ஒரு சாளரம், ஒரு கட்டில். அந்த அறையில்தான் கடம்பனும் அவன் பெண்டாட்டி வலம்புரியும் குடியிருந்தார்கள். தீவுக்குத் தீவு ஆட்களை ஏற்றி இறக்கிப் பிழைத்தார்கள்.

ஒருநாள் நெடுமூக்கன் என்ற மந்திரவாதி ஏறினான். முழ நீள மூக்கு. அறைக்குள் தலையை நீட்டினான். நீட்டிய வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டான்.

"என்ன வாடை இது?"

"வாடையா?" என்றான் கடம்பன். "எனக்கு ஒண்ணும் தெரியலையே சாமி. ஒங்க மூக்கு நீளம். ஊர்ல இல்லாததெல்லாம் அதுல ஏறும்."

தோணியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வலம்புரியும் சிரித்தாள். மந்திரவாதி சிரிக்கவில்லை.

"தெரியவில்லையா? சரி. வாடை போகும்வரை அந்த அறையிலேயே தூங்கு. முப்பதாம் நாள் உச்சிவெயிலில் வருவேன். அப்போதும் வாடை இருந்தால், இந்தத் தோணியில் நீயும் ஒரு பலகை."

சொல்லிவிட்டுத் தண்ணீர்மேல் நடந்து போய்விட்டான்.

கடம்பன் கட்டிலில் சாய்ந்தான். தூங்கிப்போனான். வலம்புரி உலுக்கிப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். அசைவில்லை. கட்டிலோடு ஒட்டிக்கொண்டிருந்தான்.

அவள் அறையை மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பத்து வருஷமாக அங்கேயே தூங்கி எழுந்த மூக்கு, அதற்கு என்ன தெரியும்?

தெரிகிறதோ இல்லையோ, வாசனை போட்டால் வாடை ஓடிவிடும் என்று நினைத்தாள். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

முதலில் மல்லிகை. பன்னிரண்டு கூடை மல்லிகையைச் சரம் சரமாகத் தொங்கவிட்டாள். மணம் வெளியே போகக் கூடாதென்று கதவைச் சாத்தினாள். காலையில் திறந்தால் பூவெல்லாம் கறுத்துக் கிடந்தது. கடம்பனின் கால் மரமாகியிருந்தது. மரம் கணுக்கால் வரை ஏறியது.

அடுத்தது ஜவ்வாது. சுவரெல்லாம் பூசினாள். கதவைச் சாத்தினாள். மரம் முழங்கால் வரை ஏறியது.

அதற்கும் அடுத்தது சாம்பிராணி. வெள்ளை வெள்ளையாகப் புகை எழுந்தது. அறை மேகத்துக்குள் மிதப்பதுபோல இருந்தது. கதவைச் சாத்தினாள், சாளரத்தைச் சாத்தினாள், இடுக்கெல்லாம் துணியை வைத்து அடைத்தாள். மரம் இடுப்பு வரை ஏறியது.

கடம்பனுக்கு ஒரு தம்பி, இசக்கி. தச்சுவேலைக்காரன். அவன் வந்து எட்டிப் பார்த்தான்.

"மதினி, இன்னும் ரெண்டு படி சாம்பிராணி வாங்கியாரட்டா?"

"போதும் தம்பி. போட்டதுக்கே இடுப்பு வரைக்கும் வந்திருக்கு."

இருபது நாள் ஓடிவிட்டது. வலம்புரிக்கு உடம்பில் தெம்பில்லை. கரையில் இறங்கினாள். தாழம்புதர் ஓரமாக மணலில் படுத்தாள். படுத்தவள் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

கனவு வந்தது. கனவில் கடல் சத்தமில்லாமல் கரையேறி வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, குடத்தைக் கழுவுவதுபோல மூக்கைக் கழுவியது. முதல் நாள் ஒரு தரம். இரண்டாம் நாள் ஒரு தரம். மூன்றாம் நாள் ஒரு தரம். பிறகு எழுந்து, நீலச் சேலையை இழுத்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டது.

வலம்புரி விழித்தாள். தோணிக்கு வந்தாள். அறைக்கதவைத் திறந்தாள்.

திறந்தவள் இரண்டடி பின்னால் வந்து விழுந்தாள். அப்படி ஒரு வாடை.

"பாவி மனுசன் இதையா தெரியலைன்னாரு. நானும் சேர்ந்து சிரிச்சேனே."

முந்தானையால் மூக்கைப் பொத்தவில்லை அவள். அறை நடுவில் உட்கார்ந்தாள். நிதானமாக மூச்சு இழுத்தாள். ஒரு வாடை இல்லை. மூன்று.

"யாரு?" என்றாள்.

"நான் மீன்நெய்," என்றது ஒரு கொழகொழத்த குரல். "வெளக்குல இருந்து சொட்டிச் சொட்டிப் பலகைக்குள்ள இறங்கினேன்."

"நான் பூஞ்சணம்," என்றது ஒரு ஈரக்குரல். "ஒம் புருசன் படுத்திருக்க மெத்தைக்குள்ள இருக்கேன்."

மூன்றாவது பேசவில்லை. எங்கேயோ மூச்சு மட்டும் விட்டது.

"எதுக்கு இங்கயே கெடக்கீங்க? போகலாம்ல?"

"நல்லாக் கேட்டே போ," என்றது மீன்நெய். "போகத்தான் பாக்கோம். நீ பூவைப் போட்டு மூடுறே. ஜவ்வாதைப் பூசி மூடுறே. பொகையைப் போட்டு மூடுறே. போர்வைக்கு மேல போர்வை. எப்படி எந்திரிக்க?"

"கதவையும் சாத்திப்புடுறா," என்றது பூஞ்சணம்.

வலம்புரி கதவைத் திறந்தாள். சாளரத்தைத் திறந்தாள். பூவையெல்லாம் அள்ளி வெளியே போட்டாள். சேலையை வரிந்து கட்டினாள்.

பலகையில் சாம்பலும் புளியும் வைத்துத் தேய்த்தாள். வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். மறுபடி தேய்த்தாள், மறுபடி கழுவினாள். இரண்டு நாள். "வர்றேன்," என்று சொல்லிக்கொண்டு மீன்நெய் சாளரம் வழியாகப் போனது.

மெத்தையைக் கடம்பனுக்கு அடியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து எடுத்தாள். பஞ்சு கறுத்து, நனைந்த பூனைபோலக் கிடந்தது. கரையில் காயப்போட்டு எரித்தாள். சுவரில் புளித்த காடியை ஊற்றித் துடைத்தாள். கூடை கூடையாக அடுப்புக்கரியை மூலைக்கு ஒன்றாக வைத்தாள். நாலு நாள். பூஞ்சணமும் போனது. போகும்போது ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போனது.

மரம் இடுப்பிலேயே நின்றது. ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

முப்பதாம் நாள் விடிந்தது. மரம் திடீரென்று ஏறியது. வயிறு. நெஞ்சு. கழுத்து. தாடையில் மரத்தின் ரேகை ஓட ஆரம்பித்தது.

வலம்புரி குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தாள். கட்டில் காலடிப் பலகைக்குக் கீழே மூச்சு கேட்டது.

"தம்பி, இந்தப் பலகையை எடு."

விடியும்போதே வந்திருந்த இசக்கி ஓரடி பின்வாங்கினான். "அதை மட்டும் கேக்காதீங்க மதினி. அதுக்கடியில கன்னிப்பானை இருக்கு."

சங்குத்துறையில் ஒரு வழக்கம். தோணியை முதல்முதலாகத் தண்ணீரில் இறக்கும் அன்று, மஞ்சள் சோறும் தேங்காயும் பூவும் ஒரு பானையில் போட்டுக் கடலுக்கென்று நேர்ந்து, பின்பக்க அறைத் தரைக்கு அடியில் வைப்பார்கள். மேலே பலகை வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். அதோடு சரி. பலகையை எடுத்தால் தோணியின் உயிர் போகும், கூடவே தோணிக்காரன் உயிரும் போகும் என்று பயம். யாரும் எடுத்ததில்லை.

"உளியைக் குடு."

"அண்ணன் செத்துட்டா?"

வலம்புரி கடம்பனைப் பார்த்தாள். மரம் உதட்டைத் தொட்டிருந்தது. நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"நான் எடுத்து அவர் செத்தா, அந்தப் பாவம் எனக்கு. எடுக்காம அவர் பலகையானா, அதுவும் எனக்குத்தான். சும்மா உக்காந்து பாத்துட்டு இருக்க என்னால முடியாது. குடு தம்பி."

கொடுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று ஆணி. பலகை முனகிக்கொண்டு எழும்பியது.

கீழே கறுப்புத் தண்ணீர். நடுவில் பானை. அதற்குள் என்ன இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. சாப்பிடுகிறவர்கள் இருப்பீர்கள்.

பானைக்குள்ளிருந்து ஒரு பிஞ்சுக் குரல் கேட்டது.

"கடல் வந்திருச்சா?"

வலம்புரி பானைமேல் குனிந்தாள். "வந்து முப்பது வருசமாச்சு கண்ணு."

"கடலுக்குக் குடுக்கத்தான வச்சாங்க. யாருமே வந்து குடுக்கலையே."

அவள் பானையை இரண்டு கையாலும் எடுத்தாள். பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். தோணி விளிம்பில் மண்டியிட்டுக் கடலில் மெல்லச் சாய்த்தாள்.

ஒரே ஒரு கணம், அப்போது வடித்த மஞ்சள் சோற்று வாசம் அடித்தது. இளந்தேங்காய் வாசம். பூ வாசம். வந்தது, போனது. தண்ணீரில் ஒரு பொன்வட்டம் விரிந்து விரிந்து அடிவானம் வரை போய்க் கரைந்தது. தோணி பெருமூச்சு விட்டது.

வலம்புரியும் இசக்கியும் கறுப்புத் தண்ணீரை இறைத்தார்கள். கடல் தண்ணீர் விட்டு அலசினார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள். உச்சிவெயில் நேராக அறைக்குள் விழுந்து, பலகை இல்லாத பள்ளத்தைக் காயவைத்தது.

அதே வெயிலில் மந்திரவாதி தண்ணீர்மேல் நடந்து வந்தான். மூக்கை நீட்டினான். இடது சுவர், வலது சுவர், பள்ளம். மரம் மரமாக மணத்தது. காற்று காற்றாக இருந்தது.

கடம்பனின் உடம்பிலிருந்து மரம் சிராய் சிராயாக உதிர்ந்தது. அவன் சோம்பல் முறித்தான்.

"ஏன் புள்ள, மெத்தை எங்கே?"

வலம்புரி அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு அழுதாள்.

மந்திரவாதி நகரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "இந்த மூக்கோடு பிறந்த நாளிலிருந்து நான் எந்த அறையிலும் தூங்கியதில்லை. எல்லா அறையிலும் ஏதாவது ஒரு வாடை. கொஞ்சம் படுக்கட்டுமா?"

வலம்புரி அவனை முறைத்தாள். முப்பது நாள் முறைப்பு அது. பிறகு வழிவிட்டாள்.

"படுங்க. செருப்பை வெளியே விட்டுட்டுப் போங்க."

அவன் மூன்று நாள் தூங்கினான். குறட்டைக்கு அலை அடங்கியது. எழுந்து, பாய்மரத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து அந்தத் தோணி கேட்ட திசைக்குக் காற்று வந்தது. ராஜ்ஜியத்தில் அதைவிட வேகமான தோணி இல்லை. ஏறுகிறவர்கள் எல்லாரும் அந்த அறையில்தான் தூங்க இடம் கேட்டார்கள்.

சங்குத்துறையில் இன்றும் கன்னிப்பானை வைக்கிறார்கள். மூன்றாம் நாளே எடுத்துக் கடலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

கதை இவ்வளவுதான். தூக்கம் வருகிறவர்கள் சாளரத்தைத் திறந்துவிட்டுப் படுங்கள்.