தூரத்தின் மேல் போட்ட பழி

மலையூர் விமான நிலையத்துக்கும் கரையூர் விமான நிலையத்துக்கும் நடுவே ஒரு தூரம் குடியிருந்தது. காடு, கணவாய், ஆறு என்று கால் நீட்டிப் படுத்திருந்த அதைக் கடக்க, பஸ்ஸில் ஒரு பகலும் பாதி இரவும் ஆகும். பிறகு அந்த இரண்டு ஊருக்கும் இடையே ஒரு குட்டி விமானம் பறக்கத் தொடங்கியது. கூடவே பறக்கும் நேரமும் வந்து சேர்ந்தது. பொடிசு, ஒரு மணி நேரம்கூட நிரம்பவில்லை. ஆனால் வாய் நீளம்.

“உன்னை நான் மென்னு முழுங்கிட்டேன். இனிமே உனக்கு இங்க என்ன வேலை?” என்று தினமும் தூரத்தைச் சீண்டும்.

ஒருநாள் தூரம் நிதானமாகக் கேட்டது. “கரையூர்ல பூங்கோதைன்னு ஒருத்தி இருக்கா. அவ அண்ணன் முத்தழகு மலையூர்ல. நீ வந்து ஒரு வருஷமாச்சே, ரெண்டு பேர்ல ஒருத்தராவது ஏறினாங்களா?”

“யாரு அவங்க?” என்றது நேரம். தூரமே கதையைச் சொன்னது. பூங்கோதையின் மகள் இனியாவுக்கு நாளை மறுநாள் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணனைப் பூங்கோதை போனில் அழைத்திருந்தாள். அங்கேதான் வந்தது வினை. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து வீடு தேடி வந்து அழைப்பதல்லவா முறை? போனில் சொல்லி வரவழைக்க நான் என்ன கேஸ் சிலிண்டரா என்று முத்தழகு முறுக்கிக்கொண்டார்; கேட்டவர்களிடம் தூரத்தைச் சாக்குச் சொன்னார். அவ்வளவு தூரம் யார் வருவது என்று அவளும் முறுக்கிக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு வேறு மாமன் கிடையாது.

“ரெண்டு பேரும் பழியை என் தலையில போட்டுட்டாங்க. அதுதான் எனக்கு வருத்தம்” என்றது தூரம்.

நேரத்திடம் வேகம் இருந்தது. ஆளை வீட்டைவிட்டுக் கிளப்பும் வித்தை இல்லை.

மறுநாள் காலை கரையூரில் ஏறியவர்களில் பூங்கோதையும் இருந்தாள். மடியில் தட்டும், ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலையும். மாமா வருவாரா என்று பிள்ளை கேட்ட கேள்வி அவளை உலுக்கிவிட்டிருந்தது. நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பறந்தது. தூரமும் முடிந்த மட்டும் உடம்பைக் குறுக்கிக்கொண்டது.

அதே விமானம்தான் மலையூரிலிருந்து திரும்பிப் போகும். வருகிறவர்களும் போகிறவர்களும் எதிரெதிரே கடக்கும் சின்ன நிலையம் அது. போகிறவர்கள் வரிசையில், மாமன் சீர்ப் பையைத் தூக்கிக்கொண்டு முத்தழகு நின்றிருந்தார்.

அவரைப் பார்த்ததும் பூங்கோதைக்கு அழுகை வந்துவிட்டது. வெற்றிலையைப் பிரித்து அடுக்கித் தட்டை நீட்டினாள். “அண்ணே, காதுகுத்துக்கு வந்துரணும்.”

“கிளம்பிட்டேன்ல” என்று தட்டை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வந்ததுதான் வந்த, வீட்டுக்கு வந்து உன் மதினிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிரு. அவளுக்கும் அழைப்பு வேணும்ல. சாயங்கால விமானத்துல எல்லாரும் சேர்ந்தே போயிருவோம்” என்றார்.

நேரம் துள்ளியது. “பாத்தியா, ஒரு மணி நேரத்துக்குள்ள உன்னை முடிச்சுட்டேன்.”

“நீ எங்க முடிச்ச?” என்றது தூரம். “அவங்க ரெண்டு பேரும் வீட்டுப் படி இறங்கினப்பவே நான் முடிஞ்சு போனேன்.”